எறும்பும் சுடலைக்குயிலும்

ஆனி வெயிலில் தில்லி மாநகரம் வெந்துகொண்டிருக்கும் நாள்களில், கருமையும் வெண்மையும் கலந்த கொண்டைக் குயில் ஒன்று கூவத் தொடங்கும். இனி மழை தொலைவில் இல்லை என்று அண்டை வீட்டு முதியவர் மகிழ்வார். வடமொழிப் புலவர் பாடிய சாதகம் இதுவே என்பர். தமிழில் இதற்குச் சுடலைக்குயில் என்று பெயர். பெயர் இருந்தும், மழைத் தூதனாக இதனை நாம் அறிந்திருக்கவில்லை. காரணம் எளிது. வடநாட்டில் கூவுவது, ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து பருவக்காற்றோடு வரும் பறவை. தென்னாட்டிலும் இலங்கையிலும் வாழும் அதன் கிளையினமோ ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கியிருப்பது. வீட்டிலேயே இருப்பவன் எதன் வருகையை அறிவிப்பான்?

மழைக்குறிகள் மண்ணோடு பிணைந்தவை. காவிரிக் கழனிகளுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் பெருமழைக் காலம். தில்லியிலோ புரட்டாசி முடியுமுன்பே வானம் வெளுத்துவிடுகிறது. நம் பாட்டிமார் சொல்லித் தந்த குறிகளுள் பல இங்கே பொய்த்துப்போனதில் வியப்பில்லை.

பொய்க்காதது எறும்பு. சோழன் கிள்ளிவளவன், சிறுகுடி கிழான் பண்ணனைப் புகழ்ந்து பாடிய 173ஆம் புறப்பாட்டில், கையில் சோற்றோடு செல்லும் சிறுவரின் வரிசைக்கு, மழைக்காலத்தில் முட்டை சுமந்து மேட்டுநிலம் சேரும் எறும்பொழுங்கு உவமையாகிறது. கொடையைப் பாட வந்த மன்னன், போகிறபோக்கில் வானிலைச் செய்தி ஒன்றையும் சொல்லிவிட்டான்! ஆறாம் நூற்றாண்டில் உச்சயினியின் வராகமிகிரர் இயற்றிய பிருகத்சம்ஹிதையிலும் அதே எறும்பு அதே முட்டையைச் சுமக்கிறது. பூனை நிலத்தைப் பிறாண்டுவதும், உப்புக் கசிவதும், சிறுவர் தெருவில் அணை கட்டி விளையாடுவதும் அங்கே உடன்மழைக்கு அறிகுறிகள். காற்றில் ஈரம் மிகுந்தால் உப்புக் கசியும் என்பதை நம் சமையலறையே மெய்ப்பிக்கும். மேகம் கருக்கொண்டு 195 நாள்களில் மழையை ஈனும் என்ற அவர் கணக்கை மட்டும் இன்றைய வானிலையியல் ஏற்பதில்லை.

குறி பார்த்தவர்கள் அளக்கவும் செய்தார்கள் என்பதே நாம் மறந்துவிட்ட செய்தி. பண்டசாலையில் ஒரு முழ வாயுள்ள மழைக்கலம் வைக்கவேண்டும் என்கிறது கௌடிலியரின் அர்த்தசாத்திரம். வராகமிகிரரும் மழையை அளக்க முறை வகுத்தார். ஐயுறவும் செய்தார்கள். குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், காலமல்லாக் காலத்து மழையைக் காரென மயங்கிப் பூத்துவிட்ட கொன்றையை அறியாமையுடையது என்கிறாள் தோழி. தலைவியைத் தேற்றச் சொன்ன பொய்தான் அது. எனினும், இயற்கையின் குறியும் பிழைபடலாம் என்று கருத இடமில்லாத ஊரில் அந்தப் பொய் செல்லுபடியாகுமா?

இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. அடுத்து வந்த 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. மழையை முன்னறிவது உயிர்ப் பிரச்சினையாயிற்று. துறைத் தலைவர் பிளான்ஃபோர்டு எதைப் பார்த்தார் தெரியுமா? இமயத்துப் பனியை! பனி மிகுந்தால் பருவமழை குன்றும் என்று கண்டு, 1882 முதல் முன்னறிவிப்புகளை வெளியிட்டுப் பார்த்தார். 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கரோ பனியோடு நில்லாமல், தொலைக்கடல்களின் காற்றழுத்தக் கணக்குகளையும் சேர்த்துக்கொண்டார்.

சென்ற ஆடியில் நம் குடியிருப்பின் சுவரில் எறும்புகள் முட்டையோடு மேலேறின. பிள்ளைகளை அழைத்துக் காட்டினோம். மாலையில் மழை கொட்டியது. கொண்டைக் குயிலின் குரலை மட்டும் அவர்கள்தாம் நமக்கு அடையாளம் காட்டினார்கள்.