சூறாவளியும் சார்லட் அமாலித் துறைமுகமும்

கரீபியக் கடலின் வடகிழக்கு விளிம்பில், புவெர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே உள்ள செயின்ட் தாமஸ், எண்பது சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த பரப்புடைய மலைத்தீவு. பரந்த சமவெளியோ ஆறோ இல்லாத அத்தீவு உலகக் கடல் வணிகத்தில் பெயர் பெற்றதற்கு, மலைகள் மூன்று புறமும் அரணாக நிற்கத் தெற்கே மட்டும் கடலை நோக்கித் திறந்திருக்கும் அதன் ஆழமான இயற்கைத் துறைமுகமே காரணம். டென்மார்க் அரசி ஒருவரின் பெயரைத் தாங்கிய சார்லட் அமாலி நகரம் அத்துறைமுகத்தைச் சுற்றியே வளர்ந்தது. ஆனால் ஐரோப்பியக் கப்பல்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த அதே கிழக்குக் காற்றுகள்தாம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உருவாகும் புயல்களையும் அத்தீவை நோக்கி நகர்த்திக்கொண்டு வருகின்றன என்பதால், அத்துறைமுகத்தின் வரலாற்றைப் புயல்களின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது.

வங்கக் கடலில் புயல் என்று அழைக்கப்படும் அதே இயற்கை நிகழ்வு, அட்லாண்டிக்கில் மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது ஹரிக்கேன் எனப்படுகிறது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அதன் பருவம் என இன்று வரையறுக்கப்பட்டிருப்பினும், ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையிலான இரு மாதங்களே கொடியவை. இத்தீவுகளின் மக்கள் பருவத் தொடக்கத்தில் ஜூலை மாதத்தில் ஒரு நாளை மன்றாட்டு நாளாகவும், பருவம் தணியும் அக்டோபரில் ஒரு நாளை நன்றி நாளாகவும் வைத்து, தேவாலயங்களில் கூடி வழிபடும் வழக்கத்தை டேனிஷ் ஆட்சிக் காலத்திலிருந்தே பேணி வந்துள்ளனர். நாள்காட்டியிலேயே புயலுக்கு இடம் ஒதுக்கிய சமூகம் அது.

1672இல் டேனியர்கள் குடியேறிய இத்தீவு, பதினெட்டாம் நூற்றாண்டில் சுங்கக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட திறந்த துறைமுகமாகி, சர்க்கரையோடும் துணியோடும் அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களையும் விற்ற சந்தையாக இருந்தது. 1842இல் பிரிட்டனிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு அஞ்சலும் பயணிகளும் ஏற்றிச் செல்லும் நீராவிக் கப்பல் சேவையை ராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட் கம்பெனி தொடங்கிய பிறகு, அதன் வழித்தடங்கள் வந்து கூடும் மையமாகச் சார்லட் அமாலி விளங்கியது. இங்கிலாந்திலிருந்து வரும் பெரிய கப்பலில் இருந்து இறங்கும் பயணிகள், இங்கே சிறிய கப்பல்களுக்கு மாறித் தத்தம் தீவுகளுக்குச் சென்றனர். கப்பல்களுக்கான நிலக்கரியும் இங்கேயே குவித்து வைக்கப்பட்டு, பெரும்பாலும் பெண்களின் தலைச்சுமையாகக் கூடை கூடையாகக் கப்பலேறியது.

இந்த ஏற்பாட்டின் மீது முதல் பெரும் அடி 1867ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று விழுந்தது. அப்போது செயின்ட் தாமஸில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தமையால், அக்கம்பெனியின் புதிய கப்பல்களுள் ஒன்றான ரோன், வழக்கமான துறைமுகத்தைத் தவிர்த்து, அருகிலிருந்த பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளைச் சேர்ந்த பீட்டர் தீவின் விரிகுடாவில் கான்வே என்னும் மற்றொரு கப்பலுக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்தது. காற்றழுத்தமானி இறங்கத் தொடங்கியபோதும், அக்டோபர் இறுதி ஆகிவிட்டதால் ஹரிக்கேன் பருவம் முடிந்துவிட்டது என்றும், வருவது குளிர்கால வடகாற்றாகவே இருக்கும் என்றும் மாலுமிகள் கருதினர். எச்சரிக்கை அனுப்பும் வானிலை நிலையம் எதுவும் அந்நாளில் அக்கடலில் இல்லை. புயலின் முன்பாதி கடந்து அதன் கண் எனப்படும் நடுப்பகுதியின் அமைதி சூழ்ந்த சிறு இடைவெளியில், கான்வேயின் பயணிகள், வலிமை மிக்கது என நம்பப்பட்ட ரோன் கப்பலுக்கு மாற்றப்பட்டனர். திறந்த கடலுக்குச் சென்றால் தப்பலாம் என்று கணித்துக் கேப்டன் வூலி கப்பலைச் செலுத்தினார். ஆனால் எதிர்த்திசையிலிருந்து திரும்பி வீசிய புயலின் பின்பாதி அதைச் சால்ட் தீவின் பாறைகளில் மோதியது. குளிர்ந்த கடல்நீர் கொதிகலன்களில் பாய்ந்து அவை வெடித்ததில் கப்பல் இரண்டாகப் பிளந்து, அதிலிருந்தவர்களுள் ஏறக்குறைய இருபது பேர் தவிர நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயணத் திட்டத்தை மாற்றுவது என்பது இன்று கணினித் திரையில் முடிந்துவிடும் வேலை. அன்று அது ஒரு கேப்டன் காற்றழுத்தமானியையும் வானத்தையும் பார்த்துச் சில மணி நேரத்தில் எடுக்க வேண்டிய உயிர் முடிவாக இருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

அதே நாளில் சார்லட் அமாலித் துறைமுகத்திலும் பல பத்துக் கப்பல்கள் மூழ்கின அல்லது கரையில் வீசப்பட்டன. இதில் வரலாற்றாசிரியர்கள் ஊன்றி நோக்கும் செய்தி ஒன்று உண்டு. புயலுக்கு ஐந்து நாள் முன்னர், அக்டோபர் 24 அன்றுதான், செயின்ட் தாமஸையும் அருகிலுள்ள செயின்ட் ஜான் தீவையும் 75 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதே ஆண்டில் அலாஸ்காவை வாங்கிய அமெரிக்க வெளியுறவுச் செயலர் வில்லியம் சீவர்டின் நோக்கம், கரீபியக் கடலில் கடற்படைக்கு ஒரு நல்ல துறைமுகம் பெறுவது. புயலின் சிதைவுகள் அகற்றப்படும் முன்பே நவம்பர் 18 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் தாக்க, அண்டைத் தீவான செயின்ட் குரோயில் நின்றிருந்த மொனோங்காஹேலா என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் அலையால் தூக்கப்பட்டுக் கரையில் அமர்ந்தது. தீவு மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் அளித்தும் அமெரிக்க செனட் அவ்வொப்பந்தத்தை ஏற்காமல் காலாவதியாக விட்டது. அதிபருக்கும் செனட்டுக்கும் இடையிலிருந்த பகைமையே இதன் முதன்மைக் காரணம் என்றாலும், எதிர்ப்பாளர்களின் கையில் புயலும் நிலநடுக்கமும் எளிய வாதங்களாக அமைந்தன.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ராயல் மெயில் கம்பெனி தன் மையத்தைப் பார்படாஸுக்கு மாற்றிக்கொண்டது. மஞ்சள் காய்ச்சல், கப்பல்களின் தூரத்திறன் பெருகியது எனக் காரணங்கள் பலவாயினும், புயற்பாதைக்குச் சற்று விலகி நிற்கும் பார்படாஸின் இருப்பிடமும் அதற்குத் துணை நின்றது. எஞ்சிய வணிகத்தை நம்பி வாழ்ந்த நிலக்கரித் தொழிலாளர்கள், மதிப்பிழந்த மெக்சிகோ வெள்ளி நாணயத்தில் கூலி பெற மறுத்து 1892இல் நடத்திய வேலைநிறுத்தத்தில், கோசையா என்ற பெண் முன்னின்றதாகத் தீவு மக்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். பனாமாக் கால்வாய் வழியே வரவிருந்த கப்பல்களை எதிர்நோக்கி 1912இல் நிறுவப்பட்ட டேனிஷ் நிறுவனமான வெஸ்ட் இந்தியன் கம்பெனி பெரிய கப்பல்துறை ஒன்றைக் கட்டியது. 1917 மார்ச் 31 அன்று செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் ஆகிய மூன்று தீவுகளும் 250 லட்சம் டாலருக்கு அமெரிக்காவின் உடைமையாயின.

நிலக்கரிக்காகக் கட்டப்பட்ட அந்தத் துறையே பின்னாளில் உல்லாசக் கப்பல்களின் துறையாயிற்று. கியூபப் புரட்சிக்குப் பின் ஹவானாவின் வாசல் அமெரிக்கப் பயணிகளுக்கு அடைபட, 1960களின் நடுவிலிருந்து மியாமியை மையமாகக் கொண்டு வளர்ந்த கப்பல் நிறுவனங்களுக்கு வேறு தீவுகள் தேவைப்பட்டன. அமெரிக்க ஆட்சிப்பகுதி என்பதால் மிகுதியான சுங்கவிலக்கு பெற்றிருந்த செயின்ட் தாமஸ் இயல்பான தேர்வாக அமைந்தது. டேனியர் காலக் கற்கிடங்குகள் நகைக்கடைகளாயின. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்திறங்கி, சஃபாரி எனப்படும் திறந்த வண்டிகளில் ஏறி, மேகன்ஸ் விரிகுடாவின் கடற்கரைக்குச் சென்று, மாலையில் கப்பல் திரும்பும் முறை நிலைபெற்றது.

கிழக்குக் கரீபியம், மேற்குக் கரீபியம் என இரு பெரும் வட்டங்களாகப் பயணங்கள் வகுக்கப்பட்டிருப்பதால், ஒரு வட்டத்தைப் புயல் தாக்கினால் கப்பலை மற்ற வட்டத்துக்குத் திருப்பிவிட முடிகிறது. 2005 அக்டோபரில் வில்மா புயல் மெக்சிகோவின் கோசுமெல் தீவின் கப்பல்துறைகளை உடைத்தபோது கப்பல்கள் வேறிடம் நாடின. 2017இல் கிழக்கு வட்டத்தைப் புயல்கள் தாக்கியபோது, அதே கோசுமெல் அங்கிருந்து திருப்பப்பட்ட கப்பல்களை வரவேற்றது. பயணச்சீட்டின் ஒப்பந்த விதிகளும் பொதுவாகத் துறைமுகங்களை மாற்றும் உரிமையை நிறுவனத்துக்கே அளிக்கின்றன. விட்டுப்போன துறைமுகத்துக்குரிய கட்டணம் தவிரப் பயணி பெரிதாக எதுவும் கேட்க இயலாது. இந்த நெகிழ்ச்சியில் பாதுகாப்பு உண்டு, ஆயினும் அது எல்லோருக்கும் கிட்டியதில்லை. 1998 அக்டோபரில் மிட்ச் புயல் நெருங்கியபோது ஃபான்டோம் என்ற பாய்மர உல்லாசக் கப்பல் தன் பயணிகளைப் பெலீஸ் நகரில் இறக்கிவிட்டுக் கடலுக்குச் சென்றது. அதிலிருந்த 31 ஊழியர்களும் கப்பலோடு மறைந்தனர்.

கப்பலைப் போல விலகிச் செல்லத் தீவுகளால் இயலாது. 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் செயின்ட் குரோயைச் சிதைத்தது. 1995 செப்டம்பரில் மரிலின், செயின்ட் தாமஸின் வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் சேதப்படுத்தியது. ஹ்யூகோவுக்குப் பின் காப்பீட்டுக் கட்டணங்கள் உயர்ந்து, பல குடும்பங்கள் காப்பீடின்றியே மரிலினை எதிர்கொண்டன. பின்னர் 2017 செப்டம்பர் 6 அன்று மணிக்கு ஏறக்குறைய 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு இர்மா செயின்ட் தாமஸையும் செயின்ட் ஜானையும் தாக்க, இரண்டே வாரத்தில் மரியா செயின்ட் குரோயைத் தாக்கியது. செயின்ட் தாமஸின் மருத்துவமனையும் விமான நிலையமும் சேதமடைந்தன. இலையுதிர்ந்த மலைகள் பழுப்பு நிறமாயின. அப்போது கப்பல்களின் பணி சில நாட்களுக்குத் தலைகீழாயிற்று. அட்வென்ச்சர் ஆஃப் தி சீஸ் என்ற உல்லாசக் கப்பல் தன் வழக்கமான பயணத்தை ரத்து செய்து, நிவாரணப் பொருள்களைக் கொண்டுவந்து, புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் இத்தீவுகளிலிருந்தும் 3,000க்கும் மேற்பட்டோரை ஃபுளோரிடாவுக்கு ஏற்றிச் சென்றது.

துறைமுகம் மீண்டும் திறப்பது ஒரே நாளில் நடப்பதன்று. மூழ்கிய படகுகளும் கொள்கலன்களும் கால்வாயில் கிடக்கலாம். மணல் நகர்ந்து ஆழம் குறைந்திருக்கலாம். வழிகாட்டும் மிதவைகள் இடம்பெயர்ந்திருக்கலாம். ஆகையால் தாமஸ் ஜெஃபர்சன் போன்ற அமெரிக்க அரசின் ஆய்வுக் கப்பல்கள் ஒலியலைக் கருவிகளால் கடலடியை அளந்து, கடலோரக் காவல்படை ஒப்புதல் தந்த பின்னரே பெரிய கப்பல்கள் நுழைகின்றன. இவ்வளவும் செய்யப்பட்டு, நவம்பரிலேயே உல்லாசக் கப்பல்கள் சார்லட் அமாலிக்குத் திரும்பின. மின்சாரம் முழுவதும் மீளாத தீவில், வண்டியோட்டிகளும் கடைக்காரர்களும் அவ்வருகையை வாழ்வின் மீட்சியாகவே கண்டனர், அது உண்மையும்கூட.

எனினும் கப்பல் திரும்பியதைத் தீவு மீண்டதாகக் கொள்வது பிழை. கப்பல் தன் உணவையும் படுக்கையையும் மின்சாரத்தையும் தானே சுமந்து வருவதால் அதற்குத் தேவை ஒரு பழுதற்ற துறை மட்டுமே. தீவில் தங்கும் விருந்தினருக்கோ கூரை, குடிநீர், மருத்துவம், சாலை அனைத்தும் வேண்டும். கரையில் தங்குபவர் செலவிடும் பணம் தீவில் அதிகமாகப் புழங்குவதால், அவர்கள் வராத ஆண்டுகளின் இழப்பைப் பகற்பொழுது மட்டும் உலவிச் செல்லும் கப்பல் பயணிகளால் ஈடுசெய்ய முடிவதில்லை. 2017 நவம்பரில் துறைமுகத்துக்குள் நுழைந்த கப்பல்கள் கடந்து வந்த வாயிலின் முனையில் நிற்கும் ஃபிரெஞ்ச்மன்ஸ் ரீஃப் விடுதி மீண்டும் விருந்தினரை ஏற்றது 2023ஆம் ஆண்டில்தான்.