பங்கு கூடும் கோரிக்கை: நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் சமயமும் வாக்கும்

சமயப் பற்றுள்ள வாக்காளரும் சமயம் சாராத வாக்காளரும் ஒன்றுசேரும் இடம் எது என்ற கேள்விக்குக் கோட்பாட்டாளர்கள் பெரும்பாலும் நீதிக் கொள்கைகளில் விடை தேடுகிறார்கள். தத்துவவியலாளர் ஜான் ரால்ஸ் 1993-இல் வெளியிட்ட நூலின் மையமும் அதுவே: வெவ்வேறு நம்பிக்கையினர் தத்தம் காரணங்களோடு ஒரே கொள்கையில் வந்து இசைவது. தென் திருவிதாங்கூரின் அனுபவம் இதற்கு முந்திய ஒரு படியைக் காட்டுகிறது. கொள்கை இசைவு கைகூடாத இடத்திலும் கோரிக்கையில் இசைவு வந்திருக்கிறது. அது நிலைக்குமா என்பது கோரிக்கையின் அமைப்பைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு திருத்தம். குளத்தூர், காரோடு, செங்கல், பாறசாலை என்று கேரள-தமிழ்நாடு எல்லையோரம் கிடக்கும் ஊர்களில் இவ்விரு வாக்காளரும் இரு கூட்டத்தார் அல்லர். நாடார் குடும்பங்களில் ஒரு கிளை கோயிலுக்கும் இன்னொரு கிளை சபைக்கும் போகும். மார்க்சிஸ்ட் கட்சிக் கூட்டத்தில் இரு கிளையும் இருக்கும். இதை ஊர் இயல்பாக எடுத்துக்கொள்கிறது, கட்சிக்குத்தான் சங்கடம். உறுப்பினர்கள் சமயச் சடங்குகளிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று மார்க்சிஸ்ட் கட்சியின் திருத்த ஆவணம் சொன்னதை எதிர்த்து, ஆலப்புழையின் முன்னாள் மக்களவை உறுப்பினர் கே.எஸ். மனோஜ் 2010 ஜனவரியில் கட்சியை விட்டு வெளியேறினார். ஒரு மனிதருக்குள்ளேயே இருந்த பொதுத்தளத்தை ஓர் ஆவணம் இரண்டாக வகிர்ந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இனி, இசைவு கைகூடிய நேர்வு. நெய்யாற்றின்கரை வட்டத்து அருவிப்புறத்தில் 1888-இல் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். அந்தக் கோயிலைச் சுற்றி எழுந்த சங்கமே 1903-இல் ஈழவர் அமைப்பான எஸ்.என்.டி.பி. யோகமாக விரிந்தது. திருவிதாங்கூரில் 1932-இன் சட்டமன்றச் சீர்திருத்தம் வாக்குரிமையைச் சொத்தோடும் வரியோடும் பிணைத்தபோது, ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகியோர் கூட்டு அரசியல் காங்கிரஸாகத் திரண்டு தேர்தலைப் புறக்கணிக்க முடிவெடுத்தார்கள். வரலாறு அதை நிவர்த்தன இயக்கம் என்கிறது. முன்னணியில் நின்ற சி. கேசவன், சபரிமலைக் கோயில் தீவிபத்தை ஒட்டி, ஒரு கோயில் போனால் அவ்வளவு மூடநம்பிக்கை போயிற்று என்ற பொருளில் பேசியவராகப் பின்னாளில் நினைவுகூரப்பட்டவர். பக்தியில் முளைத்த யோகத்துக்கு அப்படிப்பட்டவர் செயலாளர். அவரோடு சேர்ந்து நின்றவர்களில் திருச்சபை மக்களும் உண்டு. கடவுளைப் பற்றி இவர்கள் ஒருபோதும் உடன்பட்டிருக்க மாட்டார்கள். உடன்படத் தேவையும் இருக்கவில்லை.

சட்டமன்றத்திலும் அரசுப் பணியிலும் இடம் கேட்ட அந்தக் கோரிக்கையும் சாதி, சமயக் கணக்குதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் அவ்விரண்டிலும் அடைபட்டிருந்த கதவு மூவருக்கும் ஒரே கதவு. அது திறந்தால் ஒருவரோடு மற்றவரும் உள்ளே போகலாம். கேசவன் 1935-இல் கோழஞ்சேரியில் பேசிச் சிறை சென்றார். அரசுப் பணித் தேர்வுக்குத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

நாடார் இடஒதுக்கீட்டின் கதை இதற்கு நேர்மாறானது. கேரள அரசுப் பணிகளில் இந்து நாடாருக்கு 1 விழுக்காடு, எஸ்.ஐ.யு.சி. (தென்னிந்திய ஐக்கிய சபை) நாடாருக்கு 1 விழுக்காடு என்று தனித்தனியாக ஒதுக்கப்பட்டது; லத்தீன் கத்தோலிக்கருக்கு வேறு பங்கு. மலங்கரை கத்தோலிக்கம் போன்ற பிற சபைகளைச் சேர்ந்த நாடாருக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரே சமூகப் பின்தங்கல், ஒரே குடும்பப் பெயர். ஆனாலும் எந்த ஆலயம் என்று கேட்டுத்தான் சான்றிதழ். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, விடுபட்ட சபையினரையும் அரசு பட்டியலில் சேர்த்தது. இந்து அமைப்புகள் எதிர்த்தன. அரசமைப்பின் 102-ஆம் திருத்தத்துக்குப் பின் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு தடை விதித்தது. ஆகஸ்டில் வந்த 105-ஆம் திருத்தம் அதிகாரத்தை மீட்டுத் தந்தது. சட்டச் சிக்கல் அவிழ்ந்தாலும் அரசியல் சிக்கல் அவிழவில்லை. ஒருவருக்குக் கிடைப்பது மற்றவரிடமிருந்து எடுத்தது என்ற ஐயத்தைத் தனித்தனிப் பங்குகள் தாமே விதைக்கின்றன.

கோரிக்கை நிறைவேறியதும் கூட்டு கலையும் என்பது நியாயமான மறுப்பு. நிவர்த்தனக் கூட்டும் கலைந்தது. ஆனால் 1938-இல் திருவிதாங்கூர் மாநில காங்கிரஸ் அமைந்தபோது, கேசவனும் கிறிஸ்தவரான டி.எம். வர்கீஸும் நாயர் சமூகத்துப் பட்டம் தாணு பிள்ளையோடு ஒரே மேடையில் இருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது மக்கள் கேட்டது பொறுப்பாட்சி; அதுவும் எல்லோருக்கும் ஒரே கதவைத் திறக்கும் கோரிக்கை.

இன்று அத்தகைய கோரிக்கைக்குப் பஞ்சமில்லை. பொழியூர், தெற்குக் கொல்லங்கோடு கரையைக் கடல் அரிக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் போட்ட தூண்டில் வளைவுகளே காரணம் என்பது மீனவர் புகார். கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்கர். பங்குத்தந்தை மட்டும் பேசினால் அது சபைப் பிரச்சினையாகச் சுருங்கும்; கடல் பின்வாங்காவிட்டால் அடுத்து இழக்கப்போவது கரைக்கு உட்புறத் தென்னந்தோப்புக்காரரும்தான் என்பதை எந்தக் கட்சி முதலில் கணக்கெடுத்துச் சொல்கிறதோ, அதற்கே 1932-இன் வாய்ப்பு திறந்திருக்கிறது.