வழிவிட்டவர்களின் கணக்கு: ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அணி உத்தரவுகள், 1956–2025

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இன்று ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள், இரண்டு ஓட்டுநர்கள். ஓட்டுநருக்கான உலகப் பட்டம் 1950-இல் தொடங்கியது. கார் தயாரிப்பாளருக்கான பட்டம் 1958-இல் வந்து சேர்ந்தது. ஒரே அணியின் இருவரில் யார் முந்தினாலும் அணியின் மொத்தப் புள்ளி மாறுவதில்லை. ஓட்டுநர் பட்டியலில் மட்டும் எல்லாமே மாறிவிடும். அணி உத்தரவைப் பற்றிய தகராறுகள் பெரும்பாலும் இந்த இரட்டைக் கணக்கிலிருந்து கிளம்புபவை.

‘அவரை முன்னே விடு’ என்றோ ‘இருக்கும் இடத்திலேயே இரு’ என்றோ அணி இடும் கட்டளையை ஒரு சாரார் ஏமாற்று என்பார்கள், மறுசாரார் அணி விளையாட்டில் இது சகஜம் என்பார்கள். இந்தச் சண்டையில் நுழையுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த உத்தரவுகள் யாருக்கு எத்தனை புள்ளி பெற்றுத் தந்தன? விடை சற்று வியப்பானது. அதிகம் வசைபாடப்பட்ட உத்தரவுகள் பட்டத்தை மாற்றவில்லை. பட்டத்தை மாற்றியவையோ பெரிய எதிர்ப்பில்லாமல் கடந்துபோயின. அப்படியானால் சரி, தவறு என்ற தீர்ப்பு விளைவைப் பார்த்து வழங்கப்படவில்லை. உத்தரவு எப்போது இடப்பட்டது, யார் கண்ணில் பட்டது என்ற இரண்டையும் பார்த்தே வழங்கப்பட்டது என்பது என் வாதம்.

காரையே கொடுத்த காலம்

1950-களில் ஓட்டுநர் ஒருவர் பந்தயத்தின் நடுவே தம் காரைச் சக ஓட்டுநரிடம் ஒப்படைக்க விதி இடம் தந்தது. கிடைக்கும் புள்ளியை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். 1956-இல் ஃபெராரியின் முதன்மை ஓட்டுநர் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ இந்த விதியை மூன்று முறை பயன்படுத்திக்கொண்டார். அர்ஜென்டினாவில் லூயிஜி முஸ்ஸோவின் கார், மொனாக்கோவில் பீட்டர் காலின்ஸின் கார், கடைசியாக இத்தாலியின் மோன்ஸாவில் மறுபடியும் காலின்ஸின் கார்.

மோன்ஸாவில் நடந்தது பந்தய வரலாற்றில் தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படுவது. ஸ்டியரிங் பகுதி உடைந்து ஃபாஞ்சியோவின் கார் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்துவிட்டது. டயர் மாற்ற வந்த முஸ்ஸோவிடம் காரைக் கேட்டார்கள். சொந்த மண்ணில் வெல்லத் துடித்த அவர் காதில் வாங்காமல் கிளம்பிவிட்டார். பிறகு வந்த காலின்ஸ், தமக்கே பட்ட வாய்ப்பு இருந்தும் காரை விட்டு இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24. அந்தக் காரில் ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்து நான்காம் முறையாக உலகச் சாம்பியன் ஆனார்.

காலின்ஸ்தான் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்தார் என்று எழுதுவது வழக்கம். புள்ளிப் பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆண்டு சிறந்த ஐந்து முடிவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். மோன்ஸாவுக்கு வருமுன்பே ஃபாஞ்சியோவிடம் ஐந்து முடிவுகளில் 30 புள்ளிகள் இருந்தன. பகிர்ந்த இரண்டாம் இடத்தால் கிடைத்த 3 புள்ளிகள் அந்த ஐந்தில் எதையும் விஞ்சாததால் கழிக்கப்பட்டன. பந்தயத்தை வென்ற ஸ்டெர்லிங் மாஸ் ஆண்டு முடிவில் 27-இல் நின்றார். ஆக, கொடுத்த கார் ஃபாஞ்சியோவின் கணக்கில் எதையும் கூட்டவில்லை. 22 புள்ளிகளோடு வந்திருந்த காலின்ஸ் பந்தயத்தை வென்று, அதிவேகச் சுற்றுக்கான ஒரு புள்ளியையும் பெற்றிருந்தால் 31 ஆகியிருக்கும். மெலிதான அந்த வாய்ப்பைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார். ஃபாஞ்சியோ அடைந்தது ஒன்றுமில்லை, காலின்ஸ் இழந்தது ஒரு சாத்தியம். அதற்காக அவருடைய பெருந்தன்மை குறைந்துவிடாது. எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல் இறங்கியவர் அவர். 1958-இல் முஸ்ஸோ பிரெஞ்சுப் பந்தயத்திலும், சில வாரங்களில் காலின்ஸ் ஜெர்மனியிலும் விபத்தில் இறந்தார்கள். கார் பகிர்வுக்குப் புள்ளி தரும் வழக்கமும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

பட்டத்தை உண்மையிலேயே தீர்மானித்த இரண்டு நிகழ்வுகள் இதற்குப் பின் வந்தன. 1958-இன் கடைசிப் பந்தயம் மொராக்கோவில். அங்கே ஃபில் ஹில் வழிவிட, மைக் ஹாதார்ன் இரண்டாவதாக வந்து 42-க்கு 41 என்று மாஸை வென்றார். 1964-இன் கடைசிப் பந்தயம் மெக்சிகோவில். லொரென்ஸோ பாண்டினி வேகம் குறைத்து ஜான் சர்டீஸை இரண்டாம் இடத்துக்கு விட்டார். சர்டீஸுக்கு 40, கிரஹாம் ஹில்லுக்கு 39. இரண்டிலும் பயன் பெற்றது ஃபெராரி. பாண்டினி அதே பந்தயத்தில் ஹில்லின் காரில் மோதியது பற்றி முணுமுணுப்பு எழுந்தது. வழிவிட்டதைப் பெரிதாகக் கேள்வி கேட்டவர் இல்லை. கடைசி நாள், யாருக்கு எது தேவை என்பது எல்லோருக்கும் வெட்ட வெளிச்சம். அந்தத் தெளிவே அதற்கு நியாயமாக அமைந்தது.

பலகையும் ஒப்பந்தமும்

1970-களின் இறுதியில் முதல் ஓட்டுநர், இரண்டாம் ஓட்டுநர் என்ற படிநிலை ஒப்பந்தத்திலேயே ஏறியது. லோட்டஸ் அணியில் மாரியோ ஆன்ட்ரெட்டிக்குப் பின்னால் ஓடச் சம்மதித்துக் கையெழுத்திட்ட ரோனி பீட்டர்சன், 1978-இல் பலமுறை அவர் காரை ஒட்டியே இரண்டாவதாக வந்தார். முடியாமல் அல்ல, வாக்குக்காக என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வாக்கு முறிந்தால் என்ன ஆகும் என்பதை 1981 பிரேசில் பந்தயம் காட்டியது. வில்லியம்ஸ் அணியின் கார்லோஸ் ராய்ட்டமான் முன்னிலை வகிக்க, நடப்புச் சாம்பியன் ஆலன் ஜோன்ஸ் பின்னால் வந்துகொண்டிருந்தார். கொட்டும் மழையில் பிட் சுவரிலிருந்து பலகையை நீட்டினார்கள்: மேலே ஜோன்ஸ் பெயர், கீழே ராய்ட்டமான் பெயர். சுற்றுக்குச் சுற்று அதே பலகை. ராய்ட்டமான் அதைக் கண்டுகொள்ளாமல் வென்றார். ஜோன்ஸ் பரிசு மேடைக்கே வரவில்லை. அடுத்த பந்தயம் ராய்ட்டமானின் தாய்நாடான அர்ஜென்டினாவில். அங்கே ரசிகர்கள் பெயர்களைத் திருப்பிப் போட்ட பலகைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். கீழ்ப்படியாததால் அவர் பெற்றது 3 புள்ளிகள். பட்டத்தை நெல்சன் பிக்கேயிடம் இழந்தது ஒரே ஒரு புள்ளியில், 50-க்கு 49. லாஸ் வேகஸில் நடந்த கடைசிப் பந்தயத்தில் சக ஓட்டுநரின் உதவி அவருக்குத் தேவைப்பட்டது. ஜோன்ஸ் உதவும் மனநிலையில் இல்லை. 

அடுத்த ஆண்டு இமோலாவில் பலகையே குழப்பியது. ஃபெராரி காட்டிய ‘மெதுவாக’ என்ற பலகையை, இருக்கும் வரிசையிலேயே முடிக்கச் சொல்கிறார்கள் என்று ஜில் வில்னூவ் எடுத்துக்கொண்டார். திதியே பிரோனி அப்படி எடுத்துக்கொள்ளாமல் கடைசிச் சுற்றில் முந்தி வென்றார். 13 நாள் கழித்து பெல்ஜியத்தின் ஸோல்டரில் தகுதிச் சுற்றின்போது வில்னூவ் இறந்தார். இமோலாவின் கோபம்தான் அவரைக் கொன்றது என்று எழுதுபவர்கள் பலர். அந்தக் காரண காரியத்தை நிறுவ வழியில்லை என்பதால் நான் அதை ஏற்கவில்லை. தெளிவில்லாத உத்தரவு, உத்தரவே இல்லாததைவிட ஆபத்தானது என்ற அளவுக்கு மட்டும் இதிலிருந்து சொல்லலாம்.

தடை கற்றுத்தந்த பொய்

2002 மே 12, ஆஸ்திரியா. ரூபன்ஸ் பாரிக்கெல்லோ தொடக்கத்திலிருந்தே முன்னிலை. கடைசிச் சுற்றின் கடைசி நேர்பாதையில், முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால், ஃபெராரி சொன்னபடி வேகத்தைக் குறைத்தார்; மைக்கேல் ஷூமாக்கர் 0.182 நொடியில் வென்றார். கூட்டம் கூச்சலிட்டது. மேடையில் ஷூமாக்கர் பாரிக்கெல்லோவை உச்சிப் படியில் ஏற்றிவிட்டுத் தாம் கீழே நின்றார். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு பத்து லட்சம் டாலர் அபராதம் விதித்து, பாதியை நிறுத்திவைத்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த அபராதம் மேடையில் படி மாறி நின்றதற்கு. வழிவிட வைத்ததற்கு அல்ல. அதைத் தடுக்கும் விதியே அன்று இல்லை.

அது ஆண்டின் ஆறாவது பந்தயம். முதல் ஐந்தில் நான்கை ஷூமாக்கர் வென்றிருந்தார். ஆண்டு முடிவில் அவருக்கு 144, இரண்டாம் இடம் பிடித்த பாரிக்கெல்லோவுக்கு 77. நான்கு கூடுதல் புள்ளிக்காக, தேவையே இல்லாத நேரத்தில், காசு கொடுத்து வந்தவர்களின் கண்முன்னே செய்தது அது. மொராக்கோவிலும் மெக்சிகோவிலும் இருந்த நியாயம் இங்கே இல்லை. கூச்சலிட்டவர்கள் சரியாகவே கூச்சலிட்டார்கள்.

2003-க்கான விதிகளில், பந்தய முடிவில் குறுக்கிடும் அணி உத்தரவுகள் தடை செய்யப்பட்டன. உத்தரவு நின்றுவிடவில்லை, மாறுவேடம் போட்டது. 2010 ஜூலை 25, ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்ம். உயிருக்கே ஆபத்தான ஹங்கேரி விபத்து நேர்ந்து சரியாக ஓராண்டு நிறைந்த அந்த நாளில், ஃபெலிப்பே மாஸா முன்னிலையில் இருந்தார். பொறியாளர் ராப் ஸ்மெட்லி வானொலியில் பேசினார். ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக வருகிறார். இந்தச் செய்தி புரிந்ததா, உறுதிப்படுத்து. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, அழுத்தி. மாஸா வழிவிட்டார். உடனே வந்தது ஸ்மெட்லியின் மன்னிப்பு. தகவல்தான் சொன்னோம், உத்தரவிடவில்லை என்றது ஃபெராரி. உலகமே கேட்டுக்கொண்டிருந்தது.

பலகைக் காலத்தில் அரங்கில் இருந்தவர்கள் மட்டும் பார்த்ததை, நேரலை வானொலி இப்போது வீடுகளுக்குள் கொண்டுவந்திருந்தது. ஒரு லட்சம் டாலர் அபராதத்தோடு விவகாரம் முடிந்தது. 2011-இல் தடையே நீக்கப்பட்டது. மாஸாவின் விலகலால் சக ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ பெற்றது 7 புள்ளிகள். அந்த ஆண்டுப் பட்டத்தை 4 புள்ளியில் செபாஸ்டியன் வெட்டலிடம் இழந்தார். அவமானம் மிஞ்சியது, பட்டம் வரவில்லை.

தடை அமலில் இருந்த காலத்தில்தான் எல்லாவற்றிலும் மோசமானதும் நடந்தது. 2008 சிங்கப்பூரில் ரெனோ அணி இளைய நெல்சன் பிக்கேயை வேண்டுமென்றே சுவரில் மோதவைத்து, பாதுகாப்புக் கார் வருமாறு செய்து, 15-ஆவதாகக் கிளம்பிய அலோன்ஸோவை வெல்ல வைத்தது. மறு ஆண்டுதான் அது வெளிவந்தது. தடையால் இது நிகழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடம் மாறும் உத்தரவையும், உயிரைப் பணயம் வைக்கும் சதியையும் ஒரே கூடையில் போட்டதால், விதிக்கு இரண்டையும் பிடிக்கத் தெரியாமல் போயிற்று.

நடுநிலை உத்தரவு

தடை நீங்கிய பின் அணிகள் வெளிப்படையாகவே பேசின. 2013 மலேசியாவில், சங்கேதமாக இட்ட உத்தரவை மீறி வெட்டல் தம் சக ஓட்டுநர் மார்க் வெப்பரை முந்தி வென்றார். அதே பந்தயத்தில் நிகோ ராஸ்பெர்க் உத்தரவுக்கு அடங்கித் தம் சக ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனுக்குப் பின்னாலேயே முடித்தார். வெட்டலைத் திட்டியவர்களே ராஸ்பெர்க்குக்காக இரக்கப்பட்டது, ரசிகரின் அறவுணர்வு எவ்வளவு கலவையானது என்பதற்குச் சான்று.

மெக்லாரன் அண்மையில் புதுவகை உத்தரவொன்றைக் கொண்டுவந்தது. ஒருவரை உயர்த்த அல்ல. அணியின் செயலால் புரண்ட வரிசையைத் திருப்பி வைக்க. 2024 ஹங்கேரியில் பிட்டுக்கு முதலில் அழைக்கப்பட்டதால் முன்னே வந்துவிட்ட லாண்டோ நோரிஸ், நீண்ட வானொலி மன்றாடலுக்குப் பின் ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்கு வெற்றியைத் திருப்பிக் கொடுத்தார். 2025 செப்டம்பரில் மோன்ஸாவில் முறை மாறியது. நோரிஸின் டயர் மாற்றம் 5.9 நொடி இழுத்துவிட, அவருடைய சம்மதத்தோடு முதலில் பிட்டுக்குப் போயிருந்த பியாஸ்ட்ரி முன்னே வந்தார். இடத்தைத் திருப்பிக் கொடு என்றது அணி. மெதுவான டயர் மாற்றமும் பந்தயத்தில் ஒரு பகுதி என்று நாம் பேசியிருக்கிறோமே என்று கேட்டுவிட்டு பியாஸ்ட்ரி கொடுத்தார். கேள்வி நியாயமானது. ஓட்டுநரின் வேகத்தையும் மெக்கானிக்கின் கையையும் பிரித்துக் கணக்கிட முடியுமென்றால், பந்தயத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் எங்கே?

நோரிஸ் பெற்றது 3 புள்ளிகள். ஆண்டு முடிவில் அவருக்கு 423, மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு 421. அந்த மூன்றைக் கழித்தால் 420. இடையில் எட்டுப் பந்தயங்கள் இருந்தன. மோன்ஸாவில் ஒன்று மாறியிருந்தால் மற்றவையும் மாறியிருக்கலாம், ஆகவே இந்தக் கழித்தலை நிரூபணமாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் இங்கே ஆராய்ந்தவற்றுள், யாரையும் சாம்பியனாக்க நினைக்காமல் இடப்பட்ட உத்தரவொன்றே கடைசிப் பந்தயம் அல்லாத ஒரு நாளில் பட்டத்தைத் தொட்டது.

இந்த விவாதங்களில் கொடுத்தவரைப் பற்றியும் பெற்றவரைப் பற்றியுமே பேசிவந்திருக்கிறோம். 1958-இல் ஒரு புள்ளியில் இழந்த மாஸ், 1964-இல் ஒரு புள்ளியில் இழந்த கிரஹாம் ஹில், 2025-இல் இரண்டில் இழந்த வெர்ஸ்டாப்பன் மூவருமே வேறு அணிக்காரர்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. இவர்களில் மாஸ், அதே 1958-இல் போர்ச்சுகலில் ஹாதார்ன் தகுதிநீக்கம் ஆகவிருந்தபோது அவருக்காகச் சாட்சி சொல்லிப் புள்ளிகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர். அவர் கடைசிவரை உலகச் சாம்பியன் ஆகவில்லை.