கப்பல் காசு கட்டியது யார்? தமிழர்களின் பினாங்கு நுழைவும் அதன் கட்டணமும்

ஜார்ஜ்டவுன்: "தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?" என்று பினாங்குத் தமிழர் வீடுகளில் கேட்பதுண்டு. பல வீடுகளில் ரஜூலா என்று பதில் வரும். "டிக்கெட்டுக்குக் காசு கட்டியது யார்?" என்று கேட்பவர்கள் குறைவு. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறியவர் இங்கு இறங்கிய பிறகு எவ்வளவு சுதந்திரமாக இருந்தார், யாருக்குக் கடன்பட்டிருந்தார், பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது கையில் என்ன தாள் வைத்திருந்தார் என்பவற்றில் பெரும்பகுதியை அந்தக் கட்டணமே தீர்மானித்தது. தோட்டத் தமிழர், பட்டணத் தமிழர் என்ற இரு வரலாறுகள் பிரிவதும் அந்த இடத்தில்தான்.

கடனோடு கரை இறங்கிய காலம்

1786 ஆகஸ்ட் 11இல் பிரான்சிஸ் லைட் பினாங்கை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் எடுத்துக்கொண்டார். 1867 வரை பினாங்கு இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வருவது ஒரே அரசின் கீழ் இருந்த இரு துறைமுகங்களுக்கு இடையிலான பயணமாகவே இருந்தது. 1867 ஏப்ரல் 1இல் நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டன் அரசின் நேரடி ஆட்சிக்கு மாறியபோது பினாங்கு இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெளிநாடானது. அதன் பிறகு தொழிலாளர்களைக் கப்பலேற்றத் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1872இல் இந்திய அரசு அதற்கு அனுமதி தந்தது.

அக்காலத்தில் வந்த தொழிலாளர்களில் பலர் சஞ்சிக்கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்கள். பெரும்பாலும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். கப்பல் செலவையும் ஆள்பிடிப்பவரின் தரகையும் முதலில் தோட்ட முதலாளி கொடுப்பார். பிறகு அந்தப் பணம் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கப்படும். ஒப்பந்தம் வழக்கமாக மூன்று ஆண்டுகள். நடுவில் தோட்டத்தை விட்டு ஓடினால் அது குற்றம், சிறைக்கும் போக நேரிடும். பயணக் கட்டணம் அவர் தோளில் கடனாக ஏற்றப்பட்டதால், கடன் தீரும்வரை அவர் நடமாட்டமும் முதலாளியின் கையில் இருந்தது. இந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது.

1907: எல்லா முதலாளிகளும் கட்டிய பணம்

ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது ஆள் தேவை பல மடங்கு உயர்ந்தது. அப்போது முதலாளிகளிடையே ஒரு சண்டை மூண்டது. ஒரு தோட்டம் செலவழித்து ஆளை வரவழைக்கும். பக்கத்துத் தோட்டம் சில காசு கூடுதலாகக் காட்டி அவரை இழுத்துக்கொள்ளும். செலவழித்தவருக்கு நஷ்டம், செலவழிக்காதவருக்கு லாபம்.

இதற்குத் தீர்வாக 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி சட்டப்படி அமைக்கப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் மாறியது. இந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு இந்த நிதிக்கு வரி கட்ட வேண்டும். சொந்தமாக ஆள் எடுத்தவரும் கட்டினார், எடுக்காதவரும் கட்டினார். ஊரிலிருந்து துறைமுகத்துக்கு ரயில் செலவு, முகாமில் சாப்பாடு, கப்பல் டிக்கெட், கங்காணிக்கான ஆள்சேர்ப்புப் படி ஆகியவை அந்தப் பணத்திலிருந்து போயின.

கங்காணி அரசு உரிமத்தோடு தன் கிராமத்துக்குப் போய், உறவினர்களையும் ஊராரையும் சேர்த்து நாகப்பட்டினம் முகாமுக்கோ சென்னையை அடுத்த ஆவடி முகாமுக்கோ அழைத்து வருவார். சட்டத்தின்படி தொழிலாளி கடன் இல்லாமல் கரை இறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விலகவும் அவரால் முடிந்தது. சஞ்சிக்கூலி முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

நடைமுறை வேறாகவும் இருந்தது. தொழிலாளி வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஊரில் கொடுத்த முன்பணம், தோட்டத்துக் கடையில் வாங்கிய கடன் என்று வேறு கயிறுகள் தொழிலாளியைக் கங்காணியோடு கட்டிப்போட்டன. நிதியை நிர்வகித்த குழுவில் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளின் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்தனர். 1923 தொழிலாளர் சட்டம் கூலி நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் அதே குழுவுக்குக் கொடுத்தது. டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர்களே கூலியையும் தீர்மானித்தார்கள்.

1922இல் இந்தியா கொண்டுவந்த குடிபெயர்வுச் சட்டமும் அதன் விதிகளும் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தன. உடல்நலக் குறைவு, பொருந்தாத வேலை, நியாயமற்ற நடத்தை ஆகிய காரணங்களுக்காக, வந்த ஓராண்டுக்குள் தொழிலாளி செலவின்றி ஊர் திரும்பக் கேட்கலாம். அதே நிதி இன்னொரு வேலைக்கும் பயன்பட்டது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆள் தேவைப்பட்டபோது வரவழைத்த பணமே தேவை தீர்ந்தபோது வழியனுப்பியது. 1938 ஜூன் 15இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. இலவசக் கப்பல் பயணம் அத்தோடு நின்றது.

சொந்தக் காசில் வந்தவர்கள்

இதே கப்பல்களில் இன்னொரு கூட்டமும் வந்தது. வணிகர்கள், செட்டியார்கள், தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள், துறைமுகக் கூலிகள், கிராணிகள், சலவைத் தொழிலாளர்கள், பொற்கொல்லர்கள். இவர்கள் தாங்களே டிக்கெட் வாங்கினார்கள், அல்லது பட்டணத்தில் இருந்த உறவினரின் பணத்தில் வந்தார்கள். சூலியா தெரு, குயீன் தெரு, மார்க்கெட் தெரு வட்டாரங்களில் குடியேறியவர்களில் பலர் இந்த வகையினர்.

1926இல் கட்டப்பட்ட ரஜூலா இந்த இரு கூட்டத்தையும் சுமந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை அது ஓடியது. டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களே அதிகம். அம்மை, காலரா அச்சத்தால், டெக்கில் வந்தவர்களை நேராகப் பட்டணத்துக்குள் விடாமல் ஜெராஜாக் தீவின் தடுப்புக்காவல் முகாமில் சில நாள்கள் வைத்தார்கள். அம்மைப் பால் குத்தி, துணிகளுக்குக் கிருமிநீக்கம் செய்த பிறகே வெளியே விட்டார்கள்.

அந்தக் காலத்தில் தமிழர்களுக்கு விசா என்ற கட்டணம் கிடையாது. 1933 வெளிநாட்டவர் சட்டம் சீனத் தொழிலாளர்களின் வருகைக்கு ஒதுக்கீடும் தரையிறங்கும் பெர்மிட்டும் விதித்தது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அது அவர்களைத் தொடவில்லை.

1953: பணம் மட்டும் போதாது

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1952இல் இயற்றப்பட்டு 1953 ஆகஸ்ட் 1இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்தியர்களுக்கும் கதவைச் சுருக்கியது. குறிப்பிட்ட தொழில் தகுதி உள்ளவர்கள், இங்குள்ளவர்களின் நெருங்கிய குடும்பத்தினர் போன்ற வகைகளுக்குள் வருபவர்களுக்கே நுழைவு கிடைத்தது. டிக்கெட்டுக்குக் காசு இருந்தால் கப்பல் ஏறலாம் என்ற காலம் முடிந்தது. ஊருக்குப் போய்த் திரும்புபவர்களுக்கு மறுநுழைவு பெர்மிட் முக்கியமானது. கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ போனவர்கள் தவணை தப்பாமல் திரும்ப வேண்டியிருந்தது.

1957 ஆகஸ்ட் 31இல் நாடு சுதந்திரம் பெற்றபோது தாள்களின் மதிப்பு முழுமையாகத் தெரிந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் இயல்புரிமைக் குடியுரிமை கேட்டால், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும், மலாய் மொழியும் போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். கடைக் கணக்கு, கடப்பிதழ், வாடகைச் சீட்டு வைத்திருந்த பட்டணத்தாருக்கு இதைக் காட்டுவது எளிதாக இருந்தது. கங்காணியின் பட்டியலில் ஒரு பெயராக வந்து, ஒரே லயத்தில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்குத் தோட்ட அலுவலகத்தின் பதிவேடே சாட்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நம்பியவர்களும் விண்ணப்பிக்காமலே இருந்தார்கள்.

அதன் விலை 1969இல் தெரிந்தது. 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்களும் அதில் அடக்கம். பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் நாட்டை விட்டுக் கிளம்பினர். இலவசமாக வந்தவர்கள் பலர் திரும்பிப் போனது இப்படித்தான்.

குடிநுழைவு நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டது. 1999இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அந்த நிதி கலைக்கப்பட்டது.

இன்று வருபவர் அறிய வேண்டியது

தமிழகத்திலிருந்து உணவகம், முடிதிருத்தகம், நகைப்பட்டறை வேலைகளுக்கு ஆள்கள் இன்றும் பினாங்குக்கு வருகிறார்கள். கட்டணத்தை யார் கட்டுவது என்ற பழைய கேள்வி அவர்களுக்கும் உண்டு.

* லெவி: வெளிநாட்டுத் தொழிலாளிக்கான லெவியை 2018 ஜனவரி 1 முதல் முதலாளியே கட்ட வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் அதைப் பிடிக்கக் கூடாது. 2016இல் தீபகற்ப மலேசியாவுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஆண்டு லெவி உற்பத்தி, கட்டுமானம், சேவைத் துறைகளுக்கு 1,850 ரிங்கிட், தோட்டம், விவசாயத்துக்கு 640 ரிங்கிட்.

* ஏஜென்ட் கட்டணம்: இந்தியாவின் 1983 குடிபெயர்வுச் சட்ட விதிகளின்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டி வரியும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம். அதற்குமேல் வாங்கினால் அது சட்ட மீறல். ரசீது கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

* சுற்றுப்பயண நுழைவு: இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள்கள் வரை வந்து தங்க மலேசியா அனுமதித்தது. அது வேலை செய்வதற்கான அனுமதி அல்ல. "முதலில் டூரிஸ்டாக வாருங்கள், பிறகு பெர்மிட் மாற்றிவிடலாம்" என்று சொல்லும் ஏஜென்டை நம்பி வருபவர் பிடிபட்டால், தண்டனை வந்தவருக்கே.

* வருகைப் பதிவு: பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டிய மலேசிய டிஜிட்டல் வருகை அட்டைக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பணம் கேட்கும் இணையத்தளம் குடிநுழைவுத் துறையினுடையது அல்ல.

* கடப்பிதழ்: பிறருடைய கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

இங்கே பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தாத்தா பாட்டியின் பழைய கடப்பிதழ், சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தோட்ட அலுவலகக் கடிதம் ஆகியவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிப்பவரிடம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததற்கான ஆதாரம் கேட்கப்படும். அடையாள ஆவணச் சிக்கலில் இருக்கும் குடும்பங்களும் தேசியப் பதிவுத் துறை முகப்பில் இதே தாள்களைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. மூலத்தைப் பத்திரமாக வைத்து, நகலைப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.