விந்துப் பளிங்கிலிருந்து மூளை வரை: ஒரு விஞ்ஞானத் தவறின் வரலாறு

ஸ்டெரோயிட் ஓமோன்கள் மூளையிலும் கபச்சுரப்பியிலும் உள்ள பொலியமைன்களின் அளவை எவ்வாறு மாற்றுகின்றன என்பது, இன்று நோக்குவோர்க்கு உயிர்இரசாயனத்தின் நுண்ணிய வினாக்களுள் ஒன்றாகவே தோன்றும். ஆயின் அவ்வினாவின் வேர்கள் ஆய்வுகூடத்தில் மட்டுமன்றி மருந்துச் சந்தையிலும் ஓடியுள்ளன.

மனித விந்து உலர்கையில் தோன்றும் பளிங்குகளை லீவன்ஹூக் 1677 இல் லண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டார். அவற்றிலுள்ள மூலப்பொருளுக்கு லாடன்பேர்க், ஏபெல் ஆகியோர் 1888 இல் ஸ்பேமின் எனப் பெயரிட்டனர். பின்வந்த தவறுக்கு அப்பெயரே பாதி காரணம் எனலாம். மறு ஆண்டு, 72 வயதினரான பிறவுண்-செக்காட், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைகளிலிருந்து பெற்ற நீர்ச்சாற்றைத் தம்முடலில் ஏற்றி, இளமை மீண்டதாகப் பாரிசில் அறிவித்தார். சென் பீற்றர்ஸ்பேர்க்கைச் சேர்ந்த பேல், அச்சாற்றின் வீரியம் ஸ்பேமினே என வாதித்து, அதனைத் தம் பெயருடனேயே விற்பனைக்கு விட்டார். முதுமை பற்றிய அச்சம் பண்டமாக்கப்பட்ட காலம் அது. (இன்றும் அது முடிந்துவிடவில்லை.)

உண்மையில் ஆண் ஓமோனாகிய தெஸ்தொஸ்தெரோன் நீரிற் கரைவது அரிது. விதைகளும் அதனைச் சேமித்து வைப்பதில்லை. ஸ்பேமினோ ஓமோனே அன்று.

இத்தவறு தெளிவதற்கு இரசாயனம் வேண்டியிருந்தது. ஓட்டோ ரோசன்ஹைமும் உடனுழைத்தோரும் 1924 இல் ஸ்பேமின் விந்துக்கு மட்டுமே உரியதன்று, பல விலங்கு இழையங்களிலும் உள்ளது எனக் காட்டினர். 1926 இல் அதன் அமைப்பை நிறுவி அதனைத் தொகுத்தும் கண்டனர். இதே ரோசன்ஹைம்தான் 1932 இல் ஹரல்ட் கிங்குடன் சேர்ந்து ஸ்டெரோயிட்டுகளின் சரியான வளைய அமைப்பையும் முன்வைத்தவர். பேலின் போத்தலில் ஒன்றாகக் கருதப்பட்ட இரு பொருட் குடும்பங்களும் ஒரே அறிஞரின் கையில் இரு வேறு பொருள்களாயின.

அவை மீண்டும் சந்தித்தது நாற்பதாண்டுகளின் பின்னரே. விதைநீக்கம் செய்யப்பட்ட எலிகளின் புரொஸ்டேற் சுரப்பியிற் பொலியமைன்களும், அவற்றின் ஆக்கத்தைத் தொடக்கும் ஓர்னிதைன் டிகாபொக்சிலேசு நொதியமும் குறைவதையும், தெஸ்தொஸ்தெரோன் ஏற்றியதும் அந்நொதியம் உயர்வதையும் பெக், வில்லியம்ஸ்-அஷ்மன் முதலியோர் 1970 அளவிற் கண்டனர். அதாவது, பேல் கருதியது தலைகீழானது: ஓமோன் ஏவுகிறது, பொலியமைன் அவ்வேவலின் வழி நடக்கிறது.

இம்முடிபை மூளைக்கு அப்படியே பொருத்திவிடுதல் இயலாது. புரொஸ்டேற் வளரும் இழையம்; முதிர்ந்த மூளையின் நரம்புக்கலங்களோ பெரும்பாலும் பிரிவடைவதில்லை. கபச்சுரப்பியின் நிலை இன்னும் சிக்கலானது. ஏனைய சுரப்பிகளை ஏவும் அதுவே, அவை சுரக்கும் ஸ்டெரோயிட்டுகளாற் கட்டுப்படுத்தவும் படுகிறது.

அளவீட்டிலும் ஓர் இடர் உண்டு. எலியின் ஈரலில் இந்நொதியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 10 நிமிடங்களே எனக் கணிக்கப்பட்டது. எனவே எப்போது அளந்தோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறக்கூடும். நொதியம் உயர்ந்ததென்பதாற் பொலியமைன் யாவும் உயர்ந்தன என முடிவுகட்டல் கூடாது. நெருக்கீட்டுக்கு உள்ளாகிய எலிகளின் மூளையில், அதிரீனற் சுரப்பியின் ஸ்டெரோயிட்டுகள் மிகுகின்ற அந்நிலையில், நொதியமும் அதன் முதல் விளைபொருளாகிய பியூற்றெசினும் சிறிது நேரம் உயர்கின்றன. ஸ்பேமிடினும் ஸ்பேமினும் பெரிதும் மாறுவதில்லை.