காயமும் நோயும்: பாயான் லெப்பாஸ் ஆலைத் தொழிலாளரின் இழப்பீட்டு உரிமை – ஒரு வரலாற்று நோக்கு

மலேசியத் தமிழர்தம் உழைப்பு வரலாற்றை எழுதப் புகுவோர் தோட்டம், இருப்புப்பாதை, துறைமுகம் ஆகிய மூன்றையும் முன்னிறுத்துவது வழக்கம். ஆலை அவ்வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்மக்கள் அரை நூற்றாண்டாக ஆலைகளில் பணிபுரிந்து வந்திருப்பினும், அவர்தம் உடல் உழைப்பின் வரலாறு சட்ட நூல்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் சிதறிக் கிடக்கின்றது. பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாஸைக் களமாகக் கொண்டு அவ்வரலாற்றின் ஒரு கூற்றை மட்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. பணியால் உடலுக்கு நேரும் கேட்டைச் சட்டம் 'காயம்' என்று அழைக்கின்றதா, 'நோய்' என்று அழைக்கின்றதா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா. சொல்லாராய்ச்சி போல் தோன்றும் இவ்வினாவின் விடையைப் பொறுத்தே ஒரு தொழிலாளியின் வருவாய் பதினான்கு நாளில் நிற்பதும் வாழ்நாள் முழுதும் தொடர்வதும் அமைகின்றன.

பாயான் லெப்பாஸ் கரைக்கு எதிரே ஜெரஜாக் தீவு கிடக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, கப்பலில் வந்திறங்கிய குடியேறிகள் அங்கே நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்தப்பட்டனர். தென்னிந்தியத் தொழிலாளியை மலாயா முதன்முதலில் பார்த்த பார்வை அதுவே: உழைக்கத் தகுந்த உடலா, நோயுற்ற உடலா? 1907இல் தோன்றிய தமிழர் குடிநுழைவு நிதி, பின்னர் இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் பெற்றது. ஆட்களைக் கொண்டுவருவதற்கும், உழைக்க இயலாது போனவர்களைத் தாயகத்துக்கே திருப்பியனுப்புவதற்கும் அந்நிதி பயன்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தோட்டங்களில் மருத்துவ வசதியை வலியுறுத்தியது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஆட்டிப்படைத்த தோட்டங்களில் ஆட்சியாளரின் கவலை நோயைப் பற்றியதாகவே இருந்ததில் வியப்பில்லை. பால்வெட்டுக் கத்தி பட்ட கை, ஆலை உருளையில் சிக்கிய விரல் ஆகியவற்றுக்குக் கட்டுப் போட டிரெசர் இருந்தார். ஆனால், ஊனமுற்ற கை இழந்த கூலியை ஈடு செய்வது எவர் கடமை என்னும் கேள்வி நெடுங்காலம் ஓரத்திலேயே கிடந்தது.

அக்கேள்விக்கு ஐரோப்பாவில் இருவகை விடைகள் தோன்றியிருந்தன. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில், காயமுற்ற தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை நிறுவியாக வேண்டும். உடன் பணிபுரிபவனின் தவற்றுக்கு முதலாளி பொறுப்பல்லர் என்னும் கோட்பாடும் 1837ஆம் ஆண்டின் பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கிலிருந்து வளர்ந்து, தொழிலாளியின் வழியை மேலும் அடைத்தது. ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்புறுதியைக் கட்டாயமாக்கி, யார் தவறு என்னும் ஆராய்ச்சியையே புறந்தள்ளியது. பிரிட்டன் 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தால் இடைவழி ஒன்றைக் கண்டது. தவற்றை நிறுவ வேண்டியதில்லை; ஆனால் இழப்பீட்டைக் கொடுக்கும் பொறுப்பு அந்தந்த முதலாளியைச் சார்ந்ததே. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கையின் 1934ஆம் ஆண்டுச் சட்டமும் மலாயாவின் 1952ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த பிரிட்டிஷ் மரபின் கிளைகள். முதலாளி நொடித்துப்போனாலோ கைவிரித்தாலோ தொழிலாளியின் கதி என்ன என்பதே இம்மரபின் தீராக் குறை.

மலேசியா இக்குறையைக் களைந்தது 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் (சட்டம் 4). அதனை நடைமுறைப்படுத்த 1971இல் தோன்றிய நிறுவனமே, நம் மக்கள் நாவில் 'சொக்சோ' எனவும் மலாய்ச் சுருக்கப் பெயரில் 'பெர்க்கெசோ' எனவும் வழங்குவது. இச்சட்டத்தின் முன்மாதிரி பற்றிச் சிறிது கூற வேண்டும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டத்தையும் இதனையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்குப் பல பிரிவுகளின் சொல்லமைப்பே ஒத்திருப்பது புலனாகும். பணியின்போது நேர்ந்த விபத்து பணியின் காரணமாகவே நேர்ந்தது என்னும் அனுமானம் இரண்டிலும் உண்டு. முதலாளிமீது வேறு சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாகாது என்னும் தடையும் இரண்டிலும் உண்டு. இந்தியச் சட்டத்தில் 53ஆம் பிரிவு, நம் சட்டத்தில் 31ஆம் பிரிவு. தொழிலாளி உறுதியான, வழக்காட வேண்டாத தொகையைப் பெற்றான். முதலாளியின் கவனக்குறைவுக்காக அவர்மீது பெருந்தொகை கேட்டு நீதிமன்றம் செல்லும் உரிமையை இழந்தான். இக்கொடுக்கல் வாங்கல் நியாயமானதா என்பது பற்றி மலேசியச் சட்டவியலார் மட்டுமேயன்றி வரலாற்றாசிரியரும் பேசியிருக்க வேண்டும்.

ஆயினும் ஒற்றுமையைவிட வேற்றுமையே நம் ஆய்வுக்கு முதன்மையானது. இந்தியச் சட்டம் காயத்துக்கும் சாதாரண நோய்க்கும் சேர்த்தே காப்பளித்தது; நோயுற்ற நாள்களுக்கான பணமும் மருத்துவமும் ஒரே நிதியிலிருந்து வந்தன. மலேசியச் சட்டம் நோயை வெளியே விட்டது. அரசு மருத்துவமனைகள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சையளித்தமையால் மருத்துவப் பக்கம் பெருங்குறையாகத் தோன்றவில்லை. நோயுற்ற நாளின் கூலியோ 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவுக்கு, அதாவது தனி முதலாளியின் பொறுப்புக்கு, விடப்பட்டது. இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் என்பது அப்பிரிவு தரும் மருத்துவ விடுப்பு. மருத்துவமனையில் தங்க வேண்டின் 60 நாள். 2023 ஜனவரி முதல் இவ்வறுபது நாள் தனிக்கணக்காயிற்று.

இனிக் காயத்தின் கணக்கைக் காண்போம். விபத்து நாள் உட்பட நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருப்பின், தற்காலிக ஊனத்துக்கான தொகையாகச் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காட்டைச் சொக்சோ வழங்கும். மருத்துவர் விடுப்பளிக்கும் காலம் வரை அது தொடரும். ஊனம் நிலைத்துவிடின் 90 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு, மருத்துவ வாரியம் மதிப்பிடும் ஊன அளவுக்கேற்பத் தொகை அமையும். மதிப்பீடு 20 விழுக்காட்டுக்கு மேற்படின் அது வாழ்நாள் ஓய்வூதியமாகும். மாதம் 1,700 ரிங்கிட் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்க. தற்காலிக ஊனக் காலத்தில் அவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 ரிங்கிட் கிடைக்கும். ஊனம் 30 விழுக்காடென மதிப்பிடப்பெறின், மாதம் 450 ரிங்கிட்டை ஒட்டிய தொகை சாகும்வரை வரும். அவரே அதே மணிக்கட்டு வலிக்கு 'நோய்' என்று சான்று பெற்றால், முதலாண்டு ஊழியராயின் 14 நாள் முழுக்கூலி. பதினைந்தாம் நாள் ஒன்றுமில்லை.

இரண்டையும் ஒருசேரப் பெறலாகாது என்பதையும் சட்டம் தெளிவாக்கியுள்ளது. தற்காலிக ஊனத் தொகை பெறும் நாள்களுக்கு மருத்துவ விடுப்புக் கூலி இல்லை. ஆகவே குறுகிய காலக் காயத்தில் தொழிலாளி 20 விழுக்காட்டை இழக்கிறார். அவ்விடைவெளியை முதலாளியே நிரப்ப வேண்டும் எனச் சில தொழில்களில் கூட்டு ஒப்பந்தங்கள் வகை செய்தன. கூட்டு ஒப்பந்தம் வேண்டுமானால் தொழிற்சங்கம் வேண்டும். இவ்விடத்தில்தான் பாயான் லெப்பாஸ் தனித்து நிற்கின்றது.

வயலும் தென்னையும் மீனவர் கம்பங்களும் விமான நிலையமும் மட்டுமே இருந்த அவ்வட்டாரத்தில், 1969இல் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகம், முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972இல் நாட்டின் முதல் தடையற்ற வாணிக மண்டலத்தைத் தொடக்கியது. இண்டெல், ஹியூலட் பேக்கார்டு, நேஷனல் செமிகண்டக்டர், ஏ.எம்.டி., போஷ், ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் வந்தன. சொக்சோ தோன்றி ஓராண்டுக்குள் மண்டலமும் தோன்றியது ஒரு கால ஒற்றுமையே. எனினும் அதன் விளைவு கருதத்தக்கது. தொடக்கத்தில் மாதம் 500 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் பெறுவோரே காப்புக்குள் வந்தனர். ஆலைப் பெண்களின் ஊதியம் அவ்வரம்புக்கு வெகு கீழேயே இருந்தமையால் அவர்கள் அனைவரும் உரிமையுடையோராயினர். ஆனால் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை மின்னணுவியல் தொழிலாளருக்குக் கிட்டவில்லை. மின்சாரத் தொழிலாளர் சங்கத்தில் சேரும் வாயில் அவர்களுக்கு அடைக்கப்பட்டது. 1988இல் சங்கம் அமைக்கலாம் என்ற அறிவிப்பு எழுந்து, நிறுவனத்துக்குள்ளேயே அமையும் சங்கம் மட்டும் என்று சுருங்கியது. வட்டாரச் சங்கங்களுக்கு வழி பிறந்தது 2010ஆம் ஆண்டை ஒட்டியே.

காப்பு இருந்தது, கேட்டுப் பெறத் துணை நிற்பார் இல்லை. அதனினும் நுண்ணிய சிக்கல் ஒன்று அப்பணியின் இயல்பிலேயே இருந்தது. தோட்டத்துக் கத்தி வெட்டினால் குருதி வரும். நாளும் நேரமும் சாட்சியும் உண்டு. மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லில் பொருத்த நுண்ணோக்கியில் எட்டு மணிநேரம் கண்பதித்திருக்கும் பெண்ணின் பார்வை எந்த நாளில் மங்கியது? 1979இல் ரேச்சல் குரோஸ்மன் பினாங்கு ஆலைப் பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரை கண்பார்வைக் கேட்டை எடுத்துரைத்தது. வேதிப்பொருள்களின் ஆவி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் மணிக்கட்டு வலி, மாறி மாறி வரும் இரவுப்பணியின் சோர்வு ஆகியனவும் அத்தகையனவே. இவற்றுக்கு 'விபத்து' என்று சுட்டத்தக்க ஒரு கணம் இல்லை. சட்டம் 4, தன் ஐந்தாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களையும் அவற்றோடு தொடர்புடைய பணிகளையும் பட்டியலிட்டு, அவற்றைக் காயத்துக்கு நிகராகக் கொண்டது. பட்டியலில் அடங்காதவற்றுக்குப் பணித்தொடர்பை நிறுவும் சுமை தொழிலாளியின் தலையில் விழுந்தது.

நிறுவுவதற்கு மருத்துவர் வேண்டும். ஆலையின் பட்டியலிலுள்ள மருத்துவர் இரண்டு நாள் விடுப்பெழுதி அனுப்பினால், நான்கு நாள் என்னும் வாயிலே திறப்பதில்லை. அது நோய் விடுப்பில் கழியும். விபத்தை அறிந்த 48 மணிநேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவிக்கத்தக்க விபத்தே நிகழவில்லை என்று கருதப்படும் இடத்தில் அவ்விதி செயற்படுவதற்கு எதுவுமில்லை. பலர் இருபது முப்பது வயதுக்குள் ஆலையை விட்டு மணம் முடித்துச் சென்றனர். கண்ணும் கையும் பின்னர்க் காட்டிய கேடு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது வீட்டுக்குள் தங்கிற்று. ஆலைப் பெண்களின் வரலாறு எழுதுவோர் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்ட வேண்டுவது இதனாலேயே. அப்பெண்களுள் மூத்தோர் இன்று எழுபதை எட்டிக்கொண்டிருக்கின்றனர்.

இதற்கு மாறாக, ஆலைக்கு வெளியே நேரும் காயத்தைச் சட்டம் தாராளமாகவே ஏற்றது. 24ஆம் பிரிவு வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடைப்பட்ட வழியிலும், அனுமதிக்கப்பட்ட இடைவேளையில் உணவுக்குச் செல்லும் வழியிலும் நேரும் விபத்துகளைப் பணிக்காயமாகக் கொள்கின்றது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின் பெருநிலப் பகுதியிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் ஆலைப் பேருந்திலும் பாயான் லெப்பாஸ் வருவோர்க்கு இது பெருங்காப்பு. ஆனால் வழியில் வேறு காரியத்துக்கு விலகிச் சென்றால் உரிமை அற்றுப்போகும். குழந்தையைத் தாய்வீட்டில் விட்டுவரச் சுற்றிச் செல்லும் பெண்ணின் வழி எது என்பதில் ஆணையும் பெண்ணையும் சட்டம் ஒன்றாகவே பார்த்தாலும், வாழ்க்கை அவ்வாறு பார்ப்பதில்லை.

தமிழாசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்றை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லலாம். மலாயில் 'ஃபாயிடா' எனப்படுவதை நம் நாளேடுகள் 'உதவித்தொகை' என்றே எழுதி வருகின்றன. பணிக்காயத் திட்டத்துக்கு முதலாளி ஊதியத்தில் 1.25 விழுக்காட்டைச் சந்தாவாகச் செலுத்துகிறார். உழைப்பின் விலையில் ஒரு கூறாகிய அச்சந்தாவுக்கு ஈடாக வருவதே இத்தொகை. 'உதவி' என்னும் சொல் கொடுப்பவரின் ஈரத்தை நினைவூட்டுகின்றதே அன்றிப் பெறுபவரின் உரிமையை உணர்த்துவதில்லை. கோயில் அன்னதானத்துக்கும் சொக்சோ ஓய்வூதியத்துக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் சமுதாயத்தில், படிவத்தை நிரப்பக் கூசுவோர் இருப்பது இயல்பு. 'பயன்' அல்லது 'உரிமைத்தொகை' என்னும் ஆட்சி பாடநூல்களிலேனும் இடம்பெறலாம்.

ஊதிய வரம்பு 1984இல் 1,000 ரிங்கிட்டாகவும், 1992இல் 2,000 ஆகவும், 2005இல் 3,000 ஆகவும் உயர்ந்தது. 2016இல் எவ்வளவு ஊதியம் பெறுவோரும் காப்புக்குள் வந்தனர். சந்தாக் கணக்கின் உச்சம் மட்டும் 4,000 என நின்று, 2022இல் 5,000, 2024 அக்டோபரில் 6,000 என ஏறியது. ஊதியக் கதவு இவ்வாறு அகன்றுகொண்டிருந்த காலத்தில், குடியுரிமைக் கதவு மூடப்பட்டது. 1993 ஏப்ரல் முதல் அந்நியத் தொழிலாளர் சொக்சோவிலிருந்து நீக்கப்பட்டு, பழைய 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காப்புறுதித் திட்டத்துக்கு மாற்றப்பட்டனர். ஒரே ஆலையில் ஒரே பொறியருகே இறந்த இருவருள், மலேசியரின் மனைவிக்கும் மக்களுக்கும் மாதந்தோறும் ஓய்வூதியம். நேப்பாளியின் அல்லது தமிழ்நாட்டவரின் குடும்பத்துக்கு அச்சட்டப்படி அதிகபட்சம் 18,000 ரிங்கிட் மொத்தத் தொகை. விபத்து இழப்பீட்டில் அந்நியரையும் குடிமக்களையும் சமமாக நடத்தக் கோரும் 1925ஆம் ஆண்டின் 19ஆம் உடன்படிக்கையை மலாயா 1957இலேயே ஏற்றிருந்தமையால், அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் இதனைப் பலமுறை சுட்டிக்காட்டிற்று.

ஜெரஜாக்கில் நிறுத்தி வைக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய நாம், அக்கரைக்கு எதிரேயுள்ள ஆலைகளில் நிகழ்ந்த இவ்வேறுபாட்டைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. 2019 ஜனவரி முதலாம் நாள் அந்நியத் தொழிலாளர் மீண்டும் பணிக்காயத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். இயலாமைத் திட்டம் அவர்களுக்கு விரிவாக்கப்பட்டது 2024 ஜூலையில். நீக்கப்பட்டிருந்த இருபத்தைந்து ஆண்டுகளில் காயமுற்றுத் தாயகம் திரும்பியோருக்கு முன்தேதியிட்ட உரிமை எதனையும் இம்மாற்றம் தரவில்லை. அவர்தம் கோப்புகள் பழைய சட்டத்தின் கணக்குப்படியே முடிக்கப்பட்டன.