சட்ட வினா என்னும் வரம்பு: இரண்டாம் மேல்முறையீடு 1859 – 1976

மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் தொடங்கிய நிலத் தகராறு, சார்பு நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடாக விசாரிக்கப்பட்டபின் உயர் நீதிமன்றத்தை அடையும்போது இரண்டாம் மேல்முறையீடு எனப்படுகிறது. இம்மூன்றாம் படியில் சாட்சியத்தை மீளாய்வு செய்யலாமா என்னும் வினாவே அதன் வரலாற்றை வடிவமைத்தது.

1859ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 372ஆம் பிரிவு, சதர் நீதிமன்றத்திற்குத் ‘தனி மேல்முறையீடு’ செய்ய வழிவகுத்தது. தீர்ப்பு சட்டத்திற்கோ சட்ட வலிமை பெற்ற வழக்காற்றிற்கோ முரணாயிருத்தல், நடைமுறையில் பெரும்பிழை நேர்ந்திருத்தல் ஆகியனவே அதற்குரிய காரணங்கள். 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் அமைந்தபோது சதர் அதாலத்தின் அதிகாரமும் அதனைச் சேர்ந்தது. 1890இல் துர்கா சௌத்ராணி வழக்கில் பிரிவிக் கவுன்சில் இவ்வரம்பை இறுக்கியது: பொருண்மை பற்றிய முடிவு எத்துணைப் பெரிய பிழையாயினும், இரண்டாம் மேல்முறையீட்டில் அதனைத் திருத்த அதிகாரமில்லை. பத்திரத்தைப் பிழைபடப் பொருள்கொள்வது சட்டப் பிழையா, பொருண்மைப் பிழையா என்ற வாதத்திற்கு மட்டும் அதன்பின்னும் முடிவு ஏற்படவில்லை.

1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100ஆம் பிரிவும் இதே போக்கினதே. எனினும் வரம்பு நடைமுறையில் தளர்ந்தே இருந்தது. சட்ட ஆணையம் 1973இல் அளித்த 54ஆம் அறிக்கையில் அதனைக் குறுக்கப் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ‘முக்கியச் சட்ட வினா’ எழுகிறதென உயர் நீதிமன்றம் நிறைவடைந்தாலன்றி மேல்முறையீடு ஏற்கப்படாது. வினாவை நீதிமன்றமே வகுத்துரைக்க வேண்டும். எதிர்த்தரப்பினர் அவ்வினா எழவில்லை என இறுதி விசாரணையில் வாதிடலாம்.

இத்திருத்தத்தைத் தேக்கம் குறைக்கும் ஏற்பாடாக மட்டும் காண்பது போதாது. கட்டளை 41, விதி 11இன்படி, எதிர்த்தரப்பிற்கு அறிவிப்பு அனுப்பாமலே மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யலாம். ஆகவே பல வழக்குகளின் விதி, இறுதி விசாரணைப் பட்டியலை எட்டுமுன் ஏற்பு விசாரணையிலேயே முடிவாகிவிடுகிறது. 2004 ஜூலை 24இல் தொடங்கிய மதுரைக் கிளை தென்மாவட்டத்தாரின் பயணத் தொலைவைக் குறைத்தது. 100ஆம் பிரிவின் வரம்போ அங்கும் அதுவே.

விளைவாக, சாட்சியத்தை எடைபோடும் பொறுப்பு முழுமையாக முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைச் சேர்ந்தது. முடிவுசெய்ய வேண்டிய பிரச்சினைகள், முடிவு, அதற்கான காரணங்கள் ஆகியவற்றை எழுதவேண்டும் என அதே கட்டளையின் 31ஆம் விதி 1908 முதற்கொண்டு கூறிவருகிறது. அவ்விதியைப் புறக்கணித்துச் சார்பு நீதிமன்றம் எழுதும் சுருக்கத் தீர்ப்பே, பின்னர் உயர் நீதிமன்றத்தில் முக்கியச் சட்ட வினாவாக எழுப்பப்படுகிறது.